பாதித் துணி

குழந்தை வளரும் விரைவுக்கு அதன் உடை ஈடு கொடுப்பதில்லை. பிறந்த மாதத்தில் தொளதொளவென்று தொங்கிய சட்டை ஆறாம் மாதத்தில் அக்குளைப் பிடிக்கிறது; ஆண்டு நிறைவதற்குள் தலைவழியே நுழைய மறுக்கிறது. பெரியவர்களின் உடை கிழிந்து கழியும். குழந்தையின் உடையோ, கிழிவதற்கு முன்னரே சிறிதாகிக் கழியும். புதுமை குன்றாத அவ்வுடையை என் செய்வது? பின்னர்ப் பிறக்கும் குழந்தைக்கு உதவும் என்று பெட்டியில் மடித்து வைப்பர் சிலர்; உற்றார் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவர் சிலர். வேறு சிலர் அவ்வுடைகளின் நல்ல பகுதிகளை வெட்டியெடுத்து, ஒன்றோடொன்று இணைத்துத் தைத்து, போர்வையாகவோ தலையணை உறையாகவோ பொம்மையாகவோ ஆக்கிப் போற்றுவர்.

இவ்வாறு தைப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் துணியைக் கஞ்சி நீங்க அலசி உலர்த்துதல் வேண்டும். கஞ்சியிலுள்ள மாப்பொருளை நாடி இராமபாணப் பூச்சி வந்து சேரும். முழங்காலிலும் முழங்கையிலும் நைந்த இடங்களை விலக்கி, மார்புப் பகுதியையும் அடியோரத்தையும் தேர்ந்தெடுப்பர். நெய்த துணியை இழை ஓடும் போக்கிலேயே வெட்டுதல் வேண்டும். சாய்வாக வெட்டினால் இழுபட்டுக் கோணிவிடும். பனியன் துணி அதனினும் மிகுதியாக நெகிழக்கூடியது. ஆதலின் அதன் பின்புறத்தில் மெல்லிய நெய்த துணி ஒன்றை வைத்துத் தைத்த பின்னரே ஏனைய துண்டுகளோடு சேர்ப்பர். பழந்துணியை இவ்வாறு புதுப்பிக்கும் கலையில் வங்க நாட்டுப் பெண்டிர் பெயர் பெற்றவர்கள். அவர்கள் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே ஓட்டுத்தையலிட்டு, ‘காந்தா’ என்னும் மெத்தென்ற விரிப்பைப் பிறக்கப்போகும் குழந்தைக்கென ஆக்குவர். பலகாலும் துவைத்த துணிக்கு உள்ள மென்மை புதுத்துணிக்கு இல்லை. தமிழகத்துத் தாயர் தம் பழஞ்சேலையில் தூளி கட்டுவதும் இம்மென்மை கருதியே.

இவையெல்லாம் வீட்டோடு நிற்கும் பொருள்கள். குழந்தை கண்முன் வளர்கிறது, துணி அதன் பழைய அளவை நினைவூட்டுகிறது, அவ்வளவே. ஆனால், குழந்தையைப் பிரிந்து செல்லும் தாய்க்கு, ‘இவன் என் மகன்’ என்று பின்னொரு நாள் நிலைநாட்டுவதற்கு அத்துணி ஒன்றே சான்றாயிருப்பின், அதன் மதிப்பு யாது? அத்தகைய துணித்துண்டுகள், ஒன்றல்ல இரண்டல்ல, ஏறத்தாழ 5,000 இலண்டன் மாநகரில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் செல்வத்தில் சிறந்த நகரமாயிருந்தது, வறுமையிலும் குறைந்ததன்று. வேலை தேடி வந்த ஏழைப் பெண்கள் பலர், கணவனை இழந்தோ கைவிடப்பட்டோ, மணமாகாமையால் ஊரார் பழிக்கு அஞ்சியோ, பெற்ற குழந்தையைத் தெருவோரத்தில் விட்டுச் செல்லும் நிலைக்கு ஆளாயினர். தாமஸ் கோரம் என்னும் கப்பல் தலைவர், வைகறையிலும் மாலையிலும் நகருக்குச் சென்று வருங்கால், இவ்வாறு விடப்பட்ட பச்சிளங் குழந்தைகளை வழியிற் கண்டு மனம் நைந்தார். அவர் பெருஞ்செல்வரல்லர், உயர்குடிப் பிறப்பினரும் அல்லர். எனினும், அக்குழந்தைகளைக் காக்க ஓர் இல்லம் வேண்டும் என்று 17 ஆண்டுகள் வீடுவீடாக ஏறி இறங்கினார். இறுதியில் 1739-ஆம் ஆண்டு அரசரின் பட்டயம் கிடைத்தது. அவ்வில்லத்துக்குப் ‘பவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல்’ என்று பெயர். ஹாஸ்பிட்டல் என்னும் சொல் இங்கு மருத்துவமனையைக் குறிப்பதன்று. ஆதரவற்றோரை ஏற்றுக் காக்கும் இல்லம் என்பதே அதன் பொருள். ஓவியர் ஹோகார்த் அவ்வில்லத்துக்குத் துணை நின்றார்; இசைமேதை ஹாண்டல் அதன் வழிபாட்டுக் கூடத்தில் தம் இசையை நிகழ்த்திப் பொருள் திரட்டித் தந்தார்.

1741-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு ஹாட்டன் கார்டன் என்னும் தெருவில் ஒரு வாடகை வீட்டில் அவ்வில்லம் கதவு திறந்தது. வருவோர் முகம் பிறர்க்குத் தெரியலாகாது என்பதற்காக நுழைவாயிலின் விளக்குகள் அணைக்கப்பட்டன. நள்ளிரவுக்குள் 30 குழந்தைகள் சேர்ந்துவிட்டன, அதற்குமேல் இடமில்லை. திரும்பிச் சென்ற தாயரின் அழுகுரலும், விட்டுச் சென்ற தாயரின் அழுகுரலும் வேறுபாடின்றி ஒலித்தன என்பர். மறு ஆண்டு முதல் குலுக்கல் முறை வந்தது. தாய் ஒரு பைக்குள் கையை விட்டு ஒரு பந்தை எடுத்தல் வேண்டும். வெள்ளைப் பந்து வந்தால், நோயில்லாத குழந்தை ஏற்கப்படும். சிவப்பு வந்தால் காத்திருத்தல் வேண்டும். கறுப்பு வந்தால் குழந்தையோடு திரும்புதல் வேண்டும். இம்முறை நடுநிலையானது என்று நடத்தினோர் கருதினர். தாயின் கை அப்பைக்குள் நடுங்கிய நடுக்கத்தை எந்தப் பதிவேடும் எழுதவில்லை.

தாயின் பெயர் கேட்கப்படவில்லை. தந்தையின் பெயரும் கேட்கப்படவில்லை. குழந்தைக்கு அவள் இட்டிருந்த பெயரும் நீக்கப்பட்டுப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. ஓர் எண் பொறித்த ஈயத் தகடு அதன் கழுத்தில் கட்டப்பட்டது. பின்னர் அது நாட்டுப்புறத்தில் ஒரு செவிலித்தாயிடம் அனுப்பப்பட்டது; ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் சென்ற பிறகே இலண்டனுக்குத் திரும்பும். பெயர் மாறி, உருவும் மாறிய பிறகு, மனம் மாறியோ நிலை உயர்ந்தோ வரும் தாய் தன் மகவை எவ்வாறு அறிவாள்? அவளே தாய் என்பதை இல்லத்தார் எவ்வாறு அறிவர்?

இதற்கென ஓர் ஏற்பாடு தொடக்கத்திலேயே செய்யப்பட்டிருந்தது. குழந்தையோடு ஏதேனும் ஓர் எழுத்தோ அடையாளமோ சேர்த்து வைத்துச் செல்லுமாறு கொண்டு வருவோர் வேண்டப்பட்டனர். கணையாழியைக் காட்டித் தன்னைத் தூதன் எனத் தெளிவித்த அனுமனின் கதையும், சிலம்பைக் கொண்டு வழக்குரைத்த கண்ணகியின் கதையும் தமிழர் அறிந்தவையே. ஆனால் கணையாழியும் சிலம்பும் உடையவர்க்கு உரியவை. எழுதப் படிக்க அறியாதவளும், விரலில் மோதிரம் இல்லாதவளும், நாளைக் கூலியை நம்பி வாழ்பவளும் ஆகிய பெண் எதை அடையாளமாகத் தருவாள்? அவளிடம் குழந்தை இருந்தது. குழந்தையின் உடம்பில் உடை இருந்தது. அவ்வுடையில் ஒரு துண்டு வெட்டப்பட்டது.

அலுவலர் மேசையில் அச்சிட்ட தாள் ஒன்று இருக்கும். குழந்தை ஆணா பெண்ணா, வயது என்ன, உடம்பில் மச்சம் முதலிய குறிகள் உண்டா, தலையில் அணிந்த குல்லாய் எத்தகையது, கைச்சட்டை எத்தகையது, போர்வை எத்தகையது என்பனவற்றை அவர் அதில் நிரப்புவார். தாய் துணித்துண்டு கொண்டு வந்திருந்தால் அதனைத் தாளில் குண்டூசியால் குத்துவார். இல்லையெனில் உடையிலிருந்தே ஒரு துண்டைக் கத்தரித்துக் குத்துவார். அத்துணியின் மறுபகுதியைத் தாய் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். தாள் மடிக்கப்பட்டு, முத்திரையிடப்பட்டு, மேலே குழந்தையின் எண் எழுதப்படும். உரிமை கோரி ஒருவர் வந்தாலன்றி அது திறக்கப்படமாட்டாது. இரு பகுதிகளையும் ஒட்டி வைத்துப் பார்த்தால், வெட்டிய ஓரம் ஓரத்தோடு பொருந்தும்; பூவின் பாதி பாதியோடு சேரும்; கோடு கோட்டின்மேல் ஓடும். இதனினும் தெளிவான சான்று வேறு வேண்டா.

துணி இதற்கு ஏற்ற பொருளே. அக்காலத்தில் துணிகளின் வகை அளவிறந்தது. கோடிட்டவை, கட்டம் போட்டவை, பூவேலை அச்சிட்டவை எனப் பலவாறு இருந்தன. ஆளிநாரால் நெய்த லினன், கம்பளி, பருத்தி, லினனும் பருத்தியும் கலந்தவை எனப் பொருளாலும் வேறுபட்டன. நிறத்தாலும் அச்சாலும் நெசவாலும் ஒத்த உடையை இரு குழந்தைகள் உடுத்தியிருப்பது அரிது. மேலும், குழந்தையின் உடை பெரும்பாலும் தாயின் பழைய கவுனை வெட்டித் தைத்ததாகவே இருந்தது. ஆகவே தாளில் குத்திய துண்டு குழந்தையின் அடையாளம் மட்டுமன்று. தாய் உடுத்தியிருந்ததும் அதுவே. பச்சிளங் குழந்தைகளுக்குக் கைச்சட்டையைத் தனியாகத் தைத்துப் பூட்டும் வழக்கம் அந்நாட்டில் இருந்தது. அச்சிறு கைகளுக்கு அழகிய துணியைத் தேடி இட்டனர். அதனால், இன்று எஞ்சியுள்ள துண்டுகளுள் கைச்சட்டைத் துண்டுகள் பல காணப்படுகின்றன.

அத்துண்டுகளுள் அச்சுத்துணிகளுக்கும் இந்திய நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரையிலிருந்து ஏற்றுமதியான வண்ணப் பூந்துணிகள் இங்கிலாந்து மக்களின் மனத்தைக் கவர்ந்தன. துவைத்தாலும் போகாத சாயம் அவர்களுக்கு வியப்பளித்தது. அந்நாட்டுக் கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் தம் தொழில் கெடுகிறது எனக் கிளர்ந்தெழவே, 1721-ஆம் ஆண்டில் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதைத் தடை செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. 1774-ஆம் ஆண்டு வரை அத்தடை நீடித்தது. ஆனால் லினனையும், லினன் பாவில் பருத்தி ஊடு கோத்த துணியையும் அச்சிடத் தடையில்லை. ஆங்கிலேய அச்சுத் தொழிலாளர் இந்தியர் கண்ட சாயமுறையைக் கற்று, அவற்றின்மேல் இந்தியப் பூக்களைப் போன்ற பூக்களை அச்சிட்டனர். அம்முறை அறியத்தக்கது. படிகார நீரையும் இரும்புக் காடியையும் மரக்கட்டை அச்சால் துணியில் முதலில் பதிப்பர். பிறகு துணி முழுவதையும் சாயவேர் இட்ட நீரில் கொதிக்க வைப்பர். படிகாரம் பட்ட இடம் சிவக்கும். இரும்பு பட்ட இடம் கறுக்கும். நீர்த்த இரும்பு பட்ட இடம் ஊதாவாகும். எதுவும் படாத இடத்திலுள்ள சாயம் அலசினால் நீங்கிவிடும். தமிழகக் கரையில் இம்புறா என்னும் சாயவேரும், இங்கிலாந்தில் மேடர் என்னும் செடியின் வேரும் இதற்குப் பயன்பட்டன. செல்வர் வீட்டுப் பெண்கள் உடுத்திய பூந்துணியின் மலிவான சாயலை ஏழைப் பெண்ணும் உடுத்த முடிந்தது இத்தொழிலால்தான்.

சில துண்டுகள் கைக்கு அகப்பட்டவை போலத் தோன்றினாலும், பல துண்டுகள் எண்ணித் தேர்ந்தவை என்பது பார்த்த அளவில் விளங்குகிறது. ஒன்றில் பறவை உள்ளது. ஒன்றில் விரியாத மொட்டு. ஒன்றில் ஓக் மரத்தின் விதை. எழுதத் தெரியாதவள் தன் குழந்தைக்கு வாழ்த்துக் கூற விரும்பினால் வேறு எவ்வாறு கூறுவாள்? சிவந்த கம்பளியை இதய வடிவில் வெட்டி வைத்தாள் ஒருத்தி. பட்டு நாடாவை முடிச்சிட்டு வைத்தோர் பலர். காதலர் பிரியுங்கால் நாடாவைக் கைம்மாற்றும் வழக்கம் அந்நாட்டில் இருந்தது.

1756-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நிலைமை மாறியது. நாடாளுமன்றம் பொருளுதவி அளித்து, வரும் குழந்தை எதனையும் மறுக்கலாகாது எனப் பணித்தது. முதல் நாளிலேயே 117 குழந்தைகள் வந்தன. நான்கு ஆண்டுகளுக்குள் வந்தவை ஏறத்தாழ 15,000. நெடுந்தொலைவிலிருந்து கூலிக்கு ஏற்றி வரப்பட்டவை வழியிலேயே இறந்தன. வந்து சேர்ந்தவற்றுள்ளும் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. இல்லத்தின் முதல் இருபது ஆண்டுகளில் சேர்ந்த குழந்தைகளுள் மூன்றில் இரண்டு பங்கு அளவு இறந்தன. நல்ல நோக்கத்தோடு செய்த செயலாயினும், செவிலியரும் இடமும் போதாத நிலையில் கதவை அகலத் திறந்தது பெருந்துன்பத்தில் முடிந்தது. 1760-இல் அம்முறை கைவிடப்பட்டது. துணித்துண்டுகளுள் மிகப் பல இந்நான்கு ஆண்டுகளுக்கு உரியவை.

துணியன்றி வேறு அடையாளங்களும் வந்ததுண்டு. பெயர் செதுக்கிய நாணயம், பாதியாக அறுத்த காசு, முத்துச்சிப்பியில் இழைத்த இதயம், சீட்டுக்கட்டின் ஒரு சீட்டு, ஏன், வெறும் கொட்டை ஓடு ஒன்றும் இருந்தது. 1860-களில் அவ்வில்லத்தார் இவற்றைப் பொதுமக்கள் காண்பதற்காகத் தாள்களிலிருந்து பிரித்தெடுத்துக் கண்ணாடிப் பேழையில் அடுக்கினர். எது எந்தக் குழந்தைக்கு உரியது என்னும் தொடர்பு அத்தோடு அறுந்தது. ஆய்வாளர் அரும்பாடுபட்டுச் சிலவற்றையே மீண்டும் பொருத்த முடிந்தது. கந்தல் என்று கருதியதனாற் போலும், துணிகளை அவர்கள் எடுக்கவில்லை. அதனால் காசும் முத்துச்சிப்பியும் தம் குழந்தையை இழந்து நிற்க, கந்தல் மட்டும் தன் குழந்தையின் எண்ணோடு, அது குத்தப்பட்ட தாளிலேயே இருக்கிறது.

அவற்றுள் சாரா பெண்டர் என்னும் தாய் வைத்துச் சென்ற துணி தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1767-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11-ஆம் நாள் அவள் தன் ஆண் குழந்தையை அவ்வில்லத்தில் சேர்த்தாள். அவள் அவனுக்கு இட்ட பெயர் சார்லஸ். இல்லத்தில் அவனுக்கு இட்ட எண் 16,516. பெயர் பெஞ்சமின் டுவர்ல். அவள் கொணர்ந்த அடையாளம் வெறும் வெட்டுத்துண்டன்று. அச்சுத்துணிகளும் நெசவுத்துணிகளுமாகிய சிறு சிறு துண்டுகளை இணைத்துத் தைத்த ஒட்டுவேலை அது. ஊசிகளைச் செருகி வைக்கும் துணியுறையாக இருக்கலாம் எனக் கருதுவர். அதன்மேல் சிவப்பு நூலால் ஓர் இதயம் தைக்கப்பட்டிருந்தது. சாரா, சார்லஸ் ஆகிய இரு பெயர்களின் முதலெழுத்துகளும் அதில் இருந்தன. அவ்வாறு தைத்ததை, அவ்விதயம் இரண்டாகும்படி நடுவே வெட்டி, ஒரு பாதியை இல்லத்தில் விட்டுச் சென்றாள். தைப்பதற்குப் பல நாள் ஆகியிருக்கும். வெட்டுவதற்கு ஒரு நொடி போதும்.

எட்டு ஆண்டுகள் சென்றன. அதற்குள் சார்லஸ் தன் பெயர் பெஞ்சமின் என்றே அறிந்திருப்பான். 1775-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 10-ஆம் நாள் சாரா வந்தாள். மடித்து வைத்த தாள் திறக்கப்பட்டது. மகன் தாயோடு சென்றான்.

இத்தகைய முடிவு அரிதினும் அரிது. 1741-ஆம் ஆண்டு முதல் 1760-ஆம் ஆண்டு வரை ஏற்கப்பட்ட குழந்தைகள் 16,282; அவர்களுள் மீட்கப்பட்டோர் 152 பேரே. ஏனைய தாயரை அன்பற்றவர் என்று கூறுதல் பொருந்தாது. வந்து கேட்டபோது குழந்தை இறந்துவிட்டது என்று அறிந்து சென்றவர் இருந்தனர். வறுமை நீங்காமையால் வர இயலாதோரும், வருவதற்கு முன்னரே தாமே மாண்டோரும் இருந்திருப்பர்.

தாள்கள் பிற்காலத்தில் பெரிய ஏடுகளாகக் கட்டப்பட்டன. இல்லம் 1926-ஆம் ஆண்டில் இலண்டனை விட்டுப் பெயர்ந்தது. 1954-இல் பள்ளியும் மூடப்பட்டது. ஏடுகள் நகர ஆவணக்காப்பகத்தைச் சேர்ந்தன. 18-ஆம் நூற்றாண்டில் செல்வர் உடுத்திய பட்டாடைகள் அருங்காட்சியகங்கள் பலவற்றில் உள்ளன. ஏழைகளின் உடையோ நைந்து, துடைக்கும் துணியாகி, கடைசியில் காகித ஆலைக்குச் சென்று அழிந்தது. ஆகவே அக்காலத்து எளிய மக்கள் என்ன உடுத்தினர் என்று அறிய விரும்பும் ஆய்வாளர்க்கு இவ்வேடுகளைப் போன்ற கருவூலம் அந்நாட்டில் வேறில்லை. வரலாற்றறிஞர் ஜான் ஸ்டைல்ஸ் இவற்றை ஆராய்ந்து, 2010-ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள பவுண்ட்லிங் அருங்காட்சியகத்தில் ஒரு காட்சியாக அமைத்தார்.

அங்கு ஏடுகளைக் கண்டோரை முதலில் வியக்கச் செய்தது அத்துணிகளின் நிறம். இருநூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் சிவப்பு சிவப்பாகவே இருந்தது, நீலமும் மங்கவில்லை. சாயத்தை வெளுக்கச் செய்வது ஒளி. அத்துணிகள்மேல் ஒளி படவில்லை. ஏனெனில் அத்தாள்களைத் திறக்கச் செய்ய எவரும் வரவில்லை.